ஆங்கில இலக்கணமும் கடிதமும்: 6 முதல் 9 வரையிலான வகுப்பு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுபவர்களின் பிழைகள் பெரும்பாலும் குறிப்பிட்ட சில இடங்களிலேயே விழுகின்றன. இரண்டு மொழிகளும் ஒத்துப்போகாத இடங்கள் அவை. அந்த இடங்களைத்தான் இந்தப் பக்கம் எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்காட்டுகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். வாய்விட்டுப் படித்துவிட்டு நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள்.

சொற்கள் எல்லாம் தெரிகிறது, ஆனால் வாக்கியமாகக் கோக்க வரவில்லை. ஏன்?

தமிழில் வேற்றுமை உருபு வேலை செய்கிறது. ‘நாய் பூனையைத் துரத்தியது’ என்றாலும் ‘பூனையை நாய் துரத்தியது’ என்றாலும் துரத்தியது நாய்தான். ‘ஐ’ உருபு காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அந்த உருபு கிடையாது. சொல் நிற்கும் இடமே அதற்கு உருபு. ‘த டாக் சேஸ்ட் த கேட்’ என்பதில் நாயையும் பூனையையும் இடம் மாற்றினால், பூனை நாயைத் துரத்த ஆரம்பித்துவிடும். எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையைக் கலைக்கக்கூடாது என்பது இதனால்தான்.

அடுத்த சிக்கல், எழுவாயை விழுங்கிவிடுவது. ‘நேற்று வந்தேன்’ என்றால் நமக்குப் போதும், ‘ஏன்’ விகுதியிலேயே ‘நான்’ இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘கேம்’ என்பது நான், நீ, அவன், அவர்கள் எல்லாருக்கும் பொது. அதனால் ‘ஐ’ (நான்) இல்லாமல் வாக்கியம் நிற்காது. சொல்ல எழுவாயே இல்லாத இடத்தில்கூட ஆங்கிலம் ஒரு பொம்மை எழுவாயை நிறுத்தும்: ‘இட் இஸ் ரெய்னிங்’, ‘இட் இஸ் லேட்’. இந்த ‘இட்’டுக்குப் பொருள் தேடாதீர்கள், அந்த இடம் காலியாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

‘எனக்கு’ என்று தொடங்கும் தமிழ் வாக்கியங்களிலும் கவனம் வேண்டும். எனக்குப் பசிக்கிறது என்பது ‘ஐ ஆம் ஹங்ரி’. எனக்குத் தெரியும் என்பது ‘ஐ நோ’. எனக்கு இரண்டு தம்பிகள் என்பது ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’. மூன்றிலும் ‘எனக்கு’ போய் ‘ஐ’ வந்துவிட்டது.

‘ஹி மை பிரதர்’, ‘ஐ ஆம் கோ’ இரண்டும் தவறு என்கிறார்கள். ஒன்றில் குறைவு, ஒன்றில் அதிகமா?

ஆமாம். ‘அவன் என் தம்பி’ என்பதில் வினையே இல்லை, தமிழில் தேவையும் இல்லை. ஆங்கில வாக்கியத்துக்கு வினை கட்டாயம். எனவே ‘ஹி இஸ் மை பிரதர்’. இதைத் திருத்திக்கொண்ட மாணவர் பயத்தில் எல்லா இடத்திலும் ‘ஆம்’, ‘இஸ்’ சேர்க்க ஆரம்பிப்பார். அப்படிப் பிறப்பதுதான் ‘ஐ ஆம் கோ’. ‘கோ’ ஏற்கெனவே வினை. ‘ஐ கோ’ என்று எழுதுங்கள், அல்லது ‘ஐ ஆம் கோயிங்’ என்று எழுதுங்கள். ‘ஆம்’முக்கு அடுத்து வெறும் வினை வராது.

எந்த இடத்தில் வினையோடு ‘எஸ்’ சேர்ப்பது?

நிகழ்காலத்தில், எழுவாய் படர்க்கை ஒருமையாக இருந்தால் மட்டும். போகிறேன், போகிறாய், போகிறான், போகிறார்கள் என்று தமிழ் ஒவ்வொருவருக்கும் ஒரு விகுதி வைத்திருக்கிறது. ஆங்கிலம் ஒரே ஒரு இடத்தில்தான் மாறுகிறது, அதையும் மறந்துவிடுகிறோம்.

சரிபார்க்க ஒரு சுலப வழி: சாதாரண பெயர்ச்சொல் எழுவாயாக வரும்போது ‘எஸ்’ ஒரு பக்கம்தான் இருக்கும். ‘த பாய் ரன்ஸ்’, வினையில் எஸ். ‘த பாய்ஸ் ரன்’, பெயரில் எஸ். இரண்டு பக்கமும் இருந்தாலோ இரண்டிலும் இல்லாவிட்டாலோ நிறுத்திப் பாருங்கள். சில்ட்ரன், மென், பீப்பிள் போன்ற எஸ் இல்லாத பன்மைகளுக்கு இந்த வழி செல்லாது. அவற்றைப் பன்மை என்று நினைவில் வைத்து ‘த சில்ட்ரன் ரன்’ என்று எழுத வேண்டும்.

இடையில் நுழையும் சொற்களிடம் ஏமாறாதீர்கள். ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்’ என்றால் எழுவாய் ‘ஒன்’. எனவே ‘லிவ்ஸ்’ என்றுதான் வரும், பக்கத்தில் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்று பன்மை நின்றாலும்.

‘டிட் யூ வென்ட்?’ ஏன் தவறு? இறந்தகாலம்தானே?

இறந்தகாலத்தை ‘டிட்’ ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. கேள்வியிலும் எதிர்மறையிலும் ‘டூ’ என்ற துணைவினை (டூ, டஸ், டிட்) வந்து நின்றால் காலமும் எஸ்ஸும் அதன் தலையில் ஏறிவிடும். முதன்மை வினை வெறுங்கையோடு நிற்கும். ‘டிட் யூ கோ’, ‘ஹி டிட் நாட் கோ’, ‘டஸ் ஷி கோ’. ‘டஸ் ஷி கோஸ்’ என்று எழுதுவது ஒரே கட்டணத்தை இரண்டு முறை கட்டுவது போல.

‘அ’ எப்போது, ‘அன்’ எப்போது?

பாடநூல் ‘ஏ, இ, ஐ, ஓ, யூ ஆகிய எழுத்துகளுக்கு முன் அன்’ என்று சொல்லிக்கொடுத்திருந்தால், அந்த விதி பாதிதான் உண்மை. எழுத்தைப் பார்க்கக்கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். இங்கே தமிழ் எழுத்து நமக்குக் கைகொடுக்கிறது. சொல்லைக் கேட்கிறபடி தமிழில் எழுதுங்கள். முதல் எழுத்து அ முதல் ஔ வரையிலான உயிரெழுத்து என்றால் ‘அன்’. மெய்யோ உயிர்மெய்யோ என்றால் ‘அ’.

அம்ப்ரெல்லா ‘அ’வில் தொடங்குகிறது: அன் அம்ப்ரெல்லா. யூனிஃபார்மும் ஆங்கிலத்தில் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது, ஆனால் தமிழில் எழுதினால் ‘யூ’: அ யூனிஃபார்ம். ஹவர் என்பதில் ‘ஹ’ ஒலிப்பதில்லை, ‘அவர்’ என்றுதான் காதில் விழும்: அன் ஹவர். அதே வகை ஹானஸ்ட்: அன் ஹானஸ்ட் மேன். ‘ஒன்’ என்று எழுதினாலும் ‘வன்’ என்று உச்சரிக்கிறோம்: அ ஒன்-டே மேட்ச். எம்.எல்.ஏ. ‘எ’வில் தொடங்குகிறது: அன் எம்.எல்.ஏ.

ஒரு எச்சரிக்கை. பேச்சில் நாம் ‘எக்’கை ‘யெக்’ என்றும், ‘ஓல்டு’ என்பதை ‘வோல்டு’ என்றும் சொல்லிவிடுவோம். அந்த உச்சரிப்பை நம்பி இந்த முறையைப் பயன்படுத்தினால் விடை தவறும். அன் எக், அன் ஓல்டு மேன் என்பவையே சரி.

‘த’ பற்றி நிறைய விதிகள் இருக்கின்றன. முதலில் ஒன்றைப் பிடித்தால் போதும்: எது என்று கேட்பவருக்குத் தெரிந்தால் ‘த’. முதல் முறை சொல்லும்போது ‘ஐ சா அ டாக்’, இரண்டாம் முறை ‘த டாக் வாஸ் ஹங்ரி’. தமிழில் ‘ஒரு நாய்’ பிறகு ‘அந்த நாய்’ ஆவது போலத்தான்.

12 டென்ஸும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

அட்டவணையை மனப்பாடம் செய்தவர்களும் வாக்கியத்தில் தடுமாறுகிறார்கள். காரணம், நிகழ்காலம் காட்டும் ‘கிறு’ என்ற நம் இடைநிலை. நான்கு வாக்கியங்களைப் பாருங்கள்: தினமும் போகிறேன். இப்போது போகிறேன். நாளைக்குப் போகிறேன். இரண்டு வருடமாகப் போகிறேன். தமிழில் நான்கிலும் அதே ‘போகிறேன்’. ஆங்கிலத்தில் முதலாவது ‘ஐ கோ எவ்ரி டே’. இரண்டாவதும் மூன்றாவதும் ‘ஐ ஆம் கோயிங்’. நான்காவது ‘ஐ ஹேவ் பீன் கோயிங் ஃபார் டூ இயர்ஸ்’. வினையைப் பார்த்தால் குழப்பம்தான்; பக்கத்தில் நிற்கும் காலச்சொல்லைப் பாருங்கள். தினமும், இப்போது, நாளை, இரண்டு வருடமாக ஆகியவை அந்த முடிவை எடுத்துத் தந்துவிடும்.

நான்காவது வகையில் இன்னொரு பள்ளம்: ஃபார், சின்ஸ். ‘ஃபார்’ என்றால் கால அளவு: டூ இயர்ஸ், த்ரீ டேஸ், அ லாங் டைம். ‘சின்ஸ்’ என்றால் தொடங்கிய புள்ளி: மண்டே, 2022, மார்னிங். ‘சின்ஸ் டூ டேஸ்’ என்று வராது.

‘நேற்று மாமா வந்திருந்தார்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். அதை அப்படியே ‘மை அங்கிள் ஹேட் கம் எஸ்டர்டே’ என்று எழுதினால் மதிப்பெண் போகும். எஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2020 என முடிந்துபோன நேரம் சொல்லப்பட்டால் எளிய இறந்தகாலம்: ‘மை அங்கிள் கேம் எஸ்டர்டே’. ‘ஹேவ் கம் எஸ்டர்டே’யும் கூடாது. ‘ஹேட்’ தேவைப்படுவது, நடந்த இரண்டில் எது முந்தியது என்று காட்ட வேண்டியபோது: ‘வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்’. முதலில் போனது ரயில்.

நோ, லைக், வான்ட், அண்டர்ஸ்டாண்ட் போன்ற மனநிலை வினைகளுக்கு ‘இங்’ சேர்க்காதீர்கள். உடைமைப் பொருளில் வரும் ‘ஹேவ்’வுக்கும் அப்படியே: ‘ஐ ஆம் ஹேவிங் அ சைக்கிள்’ தவறு, ‘ஐ ஹேவ் அ சைக்கிள்’ சரி. ஆனால் ‘ஐ ஆம் ஹேவிங் லன்ச்’ சரிதான். அங்கே ஹேவ் என்றால் சாப்பிடுதல்.

ப்ரிபொசிஷனில் எது வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நேரத்துக்கான மூன்றும் எளிது: மணிக்கு ‘அட்’, நாளுக்கும் தேதிக்கும் ‘ஆன்’, மாதத்துக்கும் ஆண்டுக்கும் ‘இன்’. ‘இன் த மார்னிங்’ என்போம். கிழமை சேர்ந்துவிட்டால் ‘ஆன் மண்டே மார்னிங்’. இரவு மட்டும் ‘அட் நைட்’.

வினையோடு வருபவைதான் தொல்லை. தமிழ் உருபை மொழிபெயர்த்து ஒட்டுவதால் வருகிற பிழை அது. கேள்விக்குப் பதில் சொன்னான், ஆகவே ‘ஆன்ஸர்ட் டு த க்வெஸ்டின்’. அறைக்குள் நுழைந்தான், ஆகவே ‘என்டர்ட் இன்டு த ரூம்’. அதைப் பற்றி விவாதித்தோம், ஆகவே ‘டிஸ்கஸ்ட் அபௌட் இட்’. மூன்றிலும் டு, இன்டு, அபௌட் ஆகியவற்றை அடித்துவிடுங்கள். அந்த வினைகள் நேராகச் செயப்படுபொருளை எடுக்கும். ‘ரீச் டு’வும் ‘மேரி வித்’தும் இதே கூட்டம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ‘பாட்டைக் கேட்டான்’ என்பதில் ‘ஐ’ உருபு இருப்பதால் ‘லிசன்ட் மியூசிக்’ என்று எழுதிவிடுகிறார்கள். லிசன்ட் டு மியூசிக் என்றுதான் வரும். ‘எனக்குச் சொல்’ என்பது ‘டெல் மீ’. ‘எனக்கு விளக்கு’ என்பதோ ‘எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ’. இதற்குத் தர்க்கம் தேடிப் பயனில்லை. புதிய வினையை நோட்டில் எழுதும்போதே அதன் வாலையும் சேர்த்து எழுதிவைப்பது ஒன்றே வழி.

எல்லா வாக்கியத்தின் முடிவிலும் ‘இஸின்ட் இட்?’ போடலாமா?

கூடாது. நம் ‘இல்லையா?’ எதற்கும் பொருந்தும். ஆங்கில டேக் (வாக்கிய முடிவில் ஒட்டும் குட்டிக் கேள்வி) முன்னால் உள்ள வினைக்கேற்ப மாறும். ‘யூ ஆர் கமிங், ஆரின்ட் யூ?’, ‘ஷி ஸிங்ஸ் வெல், டஸின்ட் ஷி?’ உடன்பாட்டு வாக்கியத்துக்கு எதிர்மறை டேக், எதிர்மறைக்கு உடன்பாட்டு டேக்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: ‘டோன்ட் யூ நோ?’ என்று கேட்டால், தெரியாதவர் ‘நோ’ என்று சொல்ல வேண்டும். ‘தெரியாதா?’ என்றால் ‘ஆமா, தெரியாது’ என்பது நம் வழக்கம். அதனால் ‘யெஸ்’ என்று சொல்லி, தெரியும் என்ற அர்த்தத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

பாஸிவ் வாய்ஸ் மாற்றும்போது எது விட்டுப்போகிறது?

காலம். செயப்படுபொருளை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டு, ‘பி’ வினையை (இஸ், வாஸ் போன்றவை) மூல வாக்கியத்தின் காலத்தில் வைக்க மறந்துவிடுகிறார்கள். ‘ஷி ரோட் அ லெட்டர்’ இறந்தகாலம், எனவே ‘அ லெட்டர் வாஸ் ரிட்டன் பை ஹெர்’. ‘ஷி இஸ் ரைட்டிங்’ என்றால் ‘இஸ் பீயிங் ரிட்டன்’. ‘பை’க்குப் பின் ஷி அல்ல, ஹெர். ஸ்லீப், கோ, அரைவ் போலச் செயப்படுபொருள் ஏற்காத வினைகளுக்குப் பாஸிவே இல்லை.

ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில் ‘தட்’ எப்போதும் வருமா?

‘என்று’ என்ற சொல் தமிழில் எல்லா வகைக்கும் வருவதால் இந்தச் சந்தேகம். சாதாரண வாக்கியத்துக்கு ‘தட்’ வரலாம். கேள்விக்கு வராது. ‘எங்கே போகிறாய் என்று கேட்டான்’ என்பது ‘ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்’. வேர் தானே இணைத்துவிடுகிறது. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு ‘இஃப்’ அல்லது ‘வெதர்’. கூடவே சொல்வரிசை: கேள்வியில் ‘ஆர் யூ கோயிங்’ என்று முன்னால் போன துணைவினை, அயற்கூற்றில் ‘ஐ வாஸ் கோயிங்’ என்று எழுவாய்க்குப் பின்னால் திரும்ப வேண்டும். கேள்விக்குறியும் போய்விடும்.

அலுவல் கடிதத்தில் எது எதற்குப் பின் வரும்?

மேலிருந்து கீழாக: அனுப்புநர் முகவரி, தேதி, பெறுநரின் பதவியும் முகவரியும், ‘டியர் சார்’ அல்லது ‘டியர் மேடம்’ என்ற விளி, சப்ஜெக்ட் வரி, உடல் பகுதி, முடிப்புச் சொல், கையொப்பம், அதன் கீழ் பெயர். எல்லாவற்றையும் இடது ஓரத்திலிருந்து தொடங்குவது பிளாக் வடிவம். பழைய வடிவத்தில் அனுப்புநர் முகவரி வலது மேல் மூலையிலும், முடிப்புச் சொல் வலது கீழேயும் இருக்கும். எதுவானாலும் சரி, ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.

மேலே முகவரியில் உங்கள் பெயரை எழுத வேண்டாம், அது கையொப்பத்தின் கீழே வரும். ‘ஃப்ரம்’, ‘டு’ என்று தலைப்பிட்டு எழுதச் சொல்லும் பாடநூல்களில் மட்டும் ஃப்ரமின் கீழ் பெயரும் உண்டு. சப்ஜெக்ட் வரியைச் சிலர் விளிக்கு முன்பும் சிலர் பின்பும் வைக்கிறார்கள். உங்கள் பாடநூலைப் பின்பற்றுங்கள். அது முழு வாக்கியமாக இருக்கத் தேவையில்லை. ‘ரிக்வெஸ்ட் ஃபார் டூ டேஸ் லீவ்’ போதும் (டேஸ் என்பதில் எஸ்ஸுக்குப் பின் அபாஸ்ட்ரஃபி).

தேதியில் மாதத்தைச் சொல்லால் எழுதுங்கள். 05/06 என்றால் பிரிட்டிஷ் முறையில் ஜூன் 5, அமெரிக்க முறையில் மே 6.

‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’யா, ‘யுவர்ஸ் சின்சியர்லி’யா?

விளியைப் பாருங்கள். பெயர் இல்லாமல் டியர் சார், டியர் மேடம் என்றால் ஃபெய்த்ஃபுல்லி. பெயர் சொல்லி அழைத்திருந்தால் சின்சியர்லி. இது பிரிட்டிஷ் மரபு. பள்ளித் தலைமையாசிரியருக்கு எழுதும்போது ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’ எழுதச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. அதை ஆசிரியர் விருப்பத்துக்கே விட்டுவிடலாம். எல்லாவற்றிலும் முதல் சொல்லுக்கு மட்டும் பெரிய எழுத்து, இறுதியில் கமா. ‘யுவர்ஸ்’ என்பதில் அபாஸ்ட்ரஃபி ஒருபோதும் வராது. வகுப்பில் பாதிப் பேர் போடும் பிழை அதுதான் என்று சொன்னால் மிகையாகாது.

விடுப்புக் கடிதத்தில் என்னென்ன தவறாகிறது? ஒன்றைத் திருத்திக் காட்ட முடியுமா?

வழக்கமாக வரும் வடிவம் இது: ‘மைசெல்ஃப் ஸ்டடியிங் இன் செவன்த் கிளாஸ். ஐ ஆம் சஃபரிங் வித் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ். ஆஸ் டாக்டர் டோல்ட் டு டேக் ரெஸ்ட், ஸோ ஐ கேன் நாட் ஏபிள் டு கம். கைண்ட்லி ப்ளீஸ் கிரான்ட் லீவ்.’

‘மைசெல்ஃப்’ எழுவாயாகத் தனியே நிற்காது. ஐ வேண்டும், அதற்கு ஆமும் வேண்டும். சஃபரிங்கோடு வருவது ‘ஃப்ரம்’. சின்ஸ் டூ டேஸ் ஏன் தவறு என்று மேலே பார்த்தோம். டாக்டருக்கு முன் ‘த’ இல்லை. டோல்ட் யாரிடம் என்று சொல்லவில்லை, ‘மீ’ காணோம். ‘ஆஸ்’ இருந்தால் ‘ஸோ’ எதற்கு? ‘ஆதலால்’ ஒரு முறை சொன்னால் போதும். (‘ஆல்தோ’ எழுதிவிட்டு ‘பட்’ போடுவதும் இந்த வகைதான்.) கேனும் ஏபிளும் ஒரே பொருள். கைண்ட்லி, ப்ளீஸ் இரண்டில் ஒன்று. கடைசியாக, எந்தெந்த நாளுக்கு விடுப்பு என்பதே கடிதத்தில் இல்லை. இலக்கணத்தை எல்லாம் சரிசெய்தாலும் இந்தக் குறை இருந்தால் கடிதம் வேலைக்கு ஆகாது.

திருத்திய வடிவம்: ‘ஐ ஆம் அ ஸ்டூடன்ட் ஆஃப் கிளாஸ் செவன். ஐ ஹேவ் ஹேட் அ ஃபீவர் சின்ஸ் மண்டே, அண்ட் த டாக்டர் ஹேஸ் அட்வைஸ்ட் மீ டு ரெஸ்ட். ப்ளீஸ் கிரான்ட் மீ லீவ் ஆன் 12 அண்ட் 13 ஜூன். ஐ வில் கம்ப்ளீட் த லெசன்ஸ் ஐ மிஸ். தேங்க் யூ.’ ஐந்து வாக்கியம். யார், என்ன காரணம், எந்த நாள், விடுபட்டதை என்ன செய்வேன், நன்றி. இதற்கு மேல் நீட்ட வேண்டாம்.

நண்பருக்கு எழுதும் கடிதத்தில் எதைச் சேர்ப்பது? இரண்டு வரியில் முடிந்துவிடுகிறதே.

‘ஹவ் ஆர் யூ? ஐ ஆம் ஃபைன்’ என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பது பொதுவான காட்சி. கேள்வியில் உள்ள செய்தியை எடுத்து, நண்பர் நேரில் இருந்தால் என்ன கேட்பார் என்று மூன்று கேள்விகளை ஓரத்தில் எழுதுங்கள். சுற்றுலா என்றால்: எங்கே, யாரோடு? எது பிடித்தது? எது சொதப்பியது? ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு வாக்கியங்கள் எழுதினால் உடல் பகுதி தயார். கடைசிப் பத்தியில் அவரிடம் ஏதாவது ஒன்று கேளுங்கள்.

இங்கே பெறுநர் முகவரியும் சப்ஜெக்ட் வரியும் வேண்டாம். ‘டோன்ட்’, ‘ஐம்’ போன்ற சுருக்கங்களை இதில் எழுதலாம், அலுவல் கடிதத்தில் தவிர்க்க வேண்டும். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு’ என்று முடிப்பவர்கள் அடுத்து ‘ஹியரிங்’ எழுத வேண்டும், ‘ஹியர்’ அல்ல. இந்த ‘டு’ ப்ரிபொசிஷன், அதற்குப் பின் ‘இங்’ வடிவம் வரும்.

தேர்வில் என் சொந்தப் பெயரையும் பள்ளிப் பெயரையும் எழுதலாமா?

கேள்வித்தாள் ஒரு பெயரும் முகவரியும் தந்திருந்தால் அவற்றையே எழுதுங்கள். தரவில்லை என்றால் கற்பனைப் பெயர் ஒன்றை எழுதி, மேலே தந்த முகவரி, கடிதத்துக்குள் வரும் பள்ளி, கீழே உள்ள பெயர் மூன்றும் ஒன்றோடொன்று முரண்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விடைத்தாளில் அடையாளம் தெரியக்கூடாது என்ற விதி உள்ள தேர்வுகளில் சொந்தப் பெயர் எழுதுவது வம்பு.